24 காலேஜ், ஆறாயிரம் டாலர், ரெண்டு வருஷம்: எச்-4 விசால ப்ரீ-மெட் படிச்ச கதை

24 மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணேன், ஒரு இடத்துல இருந்து கூட இன்டர்வியூவுக்குக் கூப்பிடல. அது 2021-22. அந்த ஒரு வருஷத்துல மட்டும் செலவானது கிட்டத்தட்ட ஆறாயிரம் டாலர், அப்ப இருந்த ரேட்டுக்கு நம்ம ஊர் பணத்துல நாலரை லட்சம், அத்தனையும் எங்க அப்பா சம்பாதிச்சது. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அந்த 24ல 15 காலேஜ் நான் எவ்ளோ மார்க் வாங்கியிருந்தாலும் எனக்கு சீட் குடுக்கவே முடியாத காலேஜ். நான் அமெரிக்க சிட்டிசனும் இல்ல, கிரீன் கார்டும் இல்ல. அது தெரியாமயே பணம் கட்டி, ராத்திரி முழிச்சு கட்டுரை எழுதி, தினமும் காலைல கண்ணு முழிச்ச உடனே மெயில் பாத்துட்டு கெடந்தேன். எங்க வீட்ல, சொந்தத்துல, அக்கம்பக்கத்துல யாரும் இங்க டாக்டருக்குப் படிச்சது கிடையாது, கேக்கவும் ஆள் இல்ல. இப்ப ஒரு வழியா மெடிக்கல் ஸ்கூல்ல ரெண்டாவது வருஷம் படிக்கறேன். இந்த வழில வரப்போற நம்ம பசங்களுக்கும் அவங்க அம்மா அப்பாவுக்கும் ஏதாவது பிரயோஜனப்படட்டும்னு நடந்தத அப்படியே எழுதறேன்.

நான் திருச்சி உறையூர்ல எட்டாவது வரைக்கும் படிச்சேன். 2014ல அப்பாவுக்கு எச்-1பி, அதாவது வேலை விசா வந்து நியூ ஜெர்சி வந்தோம், அம்மாவும் நானும் எச்-4, அதாவது அவரோட குடும்பத்துக்குக் குடுக்கற விசா. 2018ல இங்க ஸ்டேட் யூனிவர்சிட்டில பயாலஜி சேந்தேன். ஊர்ல இருந்து சித்தி போன் பண்ணா மொத கேள்வியே "எம்பிபிஎஸ் எத்தனாவது வருஷம்டி?" தான். நானும் ஒவ்வொரு தடவையும் விளக்குவேன், இங்க ப்ளஸ் டூ முடிச்ச உடனே மெடிக்கல் கிடையாது சித்தி, மொதல்ல நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் நாலு வருஷம் மெடிக்கல், அதுக்கப்புறம் ரெசிடென்சி மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும்னு. மெடிக்கலுக்குத் தயாராகறதத்தான் ப்ரீ-மெட்னு சொல்றது, அப்படி ஒரு டிகிரியே கிடையாது, மியூசிக் படிச்சாலும் ப்ரீ-மெட்டா இருக்கலாம், பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ்னு கேக்கற பாடங்கள எடுத்திருந்தா போதும். சித்தி எல்லாம் கேட்டுட்டு கடைசில "அப்ப கல்யாணம்?"னு முடிப்பாங்க.

படிப்புலயே மொத அடி விழுந்துச்சு. ஸ்கூல்ல நான் மக்கப் அடிச்சே பாஸ் ஆனவ, புக்ல இருக்கறத அச்சுப் பிசகாம எழுதுவேன், நல்ல மார்க்கும் வரும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரில அந்த வித்தை பலிக்கல. 300 ரியாக்ஷன கார்டுல எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போனா, பரீட்சைல பாக்காத ஒரு மாலிக்யூல குடுத்து எலக்ட்ரான் எங்க இருந்து எங்க போகும்னு கேக்கறாங்க. மொத செமஸ்டர் சி ப்ளஸ். ரூம்ல கதவ சாத்திட்டு அழுதேன், அம்மாகிட்ட பி ப்ளஸ்னு பொய் சொன்னேன். ப்ரொபசர் வாரத்துக்கு ரெண்டு நாள் சந்தேகம் கேக்கறதுக்குன்னே ஆபீஸ்ல உக்காந்திருப்பாரு, நான் நாலு மாசத்துல ஒரு நாள் கூட போனதில்ல. நம்ம ஊர்ல ஸ்டாஃப் ரூமுக்குப் போறதுன்னா திட்டு வாங்கப் போறது, இல்லன்னா நோட்டு தூக்கிட்டுப் போறது, எனக்கு அதான் பழக்கம். ரெண்டாவது செமஸ்டர்ல கூச்சத்த விட்டுட்டு போனேன், மனுஷன் வெள்ளைப் பலகைல ஒவ்வொரு அம்புக்குறியா என்ன வரைய விட்டாரு, தப்பா போட்டா "ஏன் அங்க போகுது?"னு மட்டும் கேப்பாரு. ஏ மைனஸ் வந்துச்சு. இங்க ஒரு விஷயம் சொல்லணும், திரும்ப அதே பாடத்த எடுத்து நல்ல மார்க் வாங்கினா பழசு அழிஞ்சிடும்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. காலேஜ் அழிச்சாலும் மெடிக்கல் அப்ளிகேஷன் வாங்கற ஆம்காஸ்ல ரெண்டு மார்க்கையும் சேத்துதான் ஜிபிஏ போடுவாங்க. அதனால சி ப்ளஸ்ஸுக்கு எல்லாம் ரிப்பீட் பண்ணி ஒரு செமஸ்டர் பணத்த வீணாக்காதீங்க, அடுத்த லெவல் பாடத்துல நல்லா பண்ணிக் காட்டுங்க.

விசா விவகாரம் மொத தடவை மூஞ்சில அடிச்சது ரெண்டாவது வருஷம். ஜீப்ரா மீன் வெச்சு இதயம் எப்படி உருவாகுதுன்னு ஆராய்ச்சி பண்ற ஒரு லேப்ல சும்மா தொட்டி கழுவிட்டு, மீனுக்கு தீனி போட்டுட்டு இருந்தேன். பிஐ, அதாவது லேபோட தலைவர், கோடைக்கு ஸ்டைபெண்ட் தர்றேன் முழு நேரமா இருன்னு சொன்னாங்க. சந்தோஷத்துல அப்பாவுக்கு போன் பண்ணிட்டேன். ஒரு வாரம் கழிச்சு எச்ஆர்ல இருந்து மெயில், எச்-4ல இருக்கற பிள்ளைங்க ஒரு டாலர் கூட சம்பளம் வாங்கக் கூடாதுன்னு. அம்மாங்களுக்காவது சில பேருக்கு ஈஏடின்னு வேலை பாக்கற அனுமதி கிடைக்கும், பிள்ளைங்களுக்கு அதுவும் இல்ல. மத்த பிள்ளைங்க ஆஸ்பத்திரில டாக்டருக்குக் குறிப்பு எழுதற ஸ்க்ரைப், ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்ற இஎம்டின்னு சம்பளத்தோட அனுபவம் சேத்துக்கிட்டாங்க, எனக்கு அந்தக் கதவு எல்லாமே மூடியிருந்துச்சு. அரசாங்கப் பணத்துல நடக்கற கோடை ரிசர்ச் ப்ரோக்ராம்லயும் பாதிக்கு மேல சிட்டிசன், கிரீன் கார்டுக்கு மட்டும்தான். ஒழுங்கா யோசிச்சிருந்தா அன்னைக்கே உக்காந்து, சரி, இப்பவே இப்படின்னா மெடிக்கல் காலேஜ்ல என்ன ஆகும்னு பாத்திருக்கணும். நான் கோவத்துல மெயில டெலீட் பண்ணிட்டு சம்பளம் இல்லாமயே லேபுக்குப் போயிட்டு வந்தேன்.

லேப பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், ஏன்னா நான் கொஞ்சமாவது மாறினது அங்கதான். ஜீப்ரா மீன் கரு தாய் உடம்புக்கு வெளிய முட்டைல வளரும், குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், 28.5 டிகிரி தண்ணில வெச்சா ஒரு நாளுக்குள்ள இதயம் துடிக்கறத மைக்ராஸ்கோப்ல நேராவே பாக்கலாம். மொத தடவை பாத்தப்ப ஒரு நிமிஷம் மூச்சு விட மறந்துட்டேன், அவ்ளோ தம்மாத்துண்டு உயிர். ஆனா ஒரு நாள் வயசு தாண்டினா உடம்புல கறுப்பு நிறம் ஏற ஆரம்பிச்சிடும், அப்புறம் உள்ள பளபளக்கற செல் எல்லாம் சரியா தெரியாது. அதனால அதுக்கு முன்னாடியே பிடியூன்னு ஒரு கெமிக்கல தண்ணில விடணும். எனக்கு க்ளாஸ் இருந்ததால நான் லேட்டா சாயந்திரம்தான் வந்து விட்டேன், ஒரு நாள் இல்ல, மூணு வாரம். படம் எல்லாம் புள்ளி புள்ளியா வந்துச்சு. மைக்ராஸ்கோப் சரியில்லன்னு ஒரு வாரம் எல்லாரும் அதக் கழட்டி மாட்டிட்டு இருந்தாங்க. என் தப்புதான்னு எனக்கு ரெண்டாவது நாளே லேசா உறைச்சிடுச்சு, வாய் வரல. அந்த ஒரு வாரம் சாப்பாடே எறங்கல. கடைசில பிஐ ரூமுக்குப் போய் சொன்னேன். திட்டல. "நோட்டுல எழுதியிருக்கியா?"ன்னு கேட்டாங்க. திறந்து பாத்தா 'பிடியூ விட்டாச்சு'ன்னு இருக்கு, எத்தனை மணிக்குன்னு இல்ல. அதுக்கப்புறம் அந்த லேப்ல எல்லாருமே மணி எழுத ஆரம்பிச்சாங்க, எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்தாலும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி நிம்மதி. 2020 மார்ச்ல கோவிட் வந்து லேப மூடுனாங்க, ஸ்டூடன்ட் யாரும் வரக் கூடாதுன்னாங்க, அந்த மீனுக்கெல்லாம் யாரு தீனி போடறாங்கன்னு வீட்ல உக்காந்து கவலப்பட்டேன்.

இந்த லீடர்ஷிப்னு சொல்றாங்களே, அதுல நான் பண்ண கூத்து தனி. அப்ளிகேஷன்ல தலைவர் பதவி இருந்தே ஆகணும்னு யாரோ சொல்லி, ஹெல்த் க்ளப்ல துணைத் தலைவரா நின்னு ஜெயிச்சு, 2019 நவம்பர்ல பக்கத்துல இருக்கற கோயில் ஹால்ல பிபி செக்கப் கேம்ப் போட்டேன். போஸ்டர், ஹால், மெஷின், பெயர்ப் பட்டியல் எல்லாம் நானே. கூட இருந்த ஆறு பேர்ல நாலு பேர் "நீயே எல்லாம் பண்றியே, நாங்க எதுக்கு"ன்னு வரவே இல்ல. சனிக்கிழமை கூட்டம் வேற. 63 பேருக்குப் பாத்தோம், அதுல 50 பேருக்கு மேல பிபி ஏறியிருக்கு. எனக்கு கை கால் ஓடல, எல்லாரையும் உடனே டாக்டர பாருங்கன்னு பயமுறுத்தி அனுப்பிட்டு இருந்தேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு கார்டியாலஜிஸ்ட் மாமா பொறுமையா பாத்துட்டு வந்து, "ஏம்மா, வந்தவங்கள அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சியா? எல்லாரும் படி ஏறி, பிரகாரம் சுத்தி, காபி குடிச்சுட்டு நேரா உன்கிட்ட கைய நீட்டறாங்க"ன்னாரு. பிபி பாக்கணும்னா அஞ்சு நிமிஷம் பேசாம முதுக சாய்ச்சு உக்காந்திருக்கணும், கைய மேஜை மேல வெச்சிருக்கணும், அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி கூடாது, குண்டான கைக்கு பெரிய பட்டை வேணும். என்கிட்ட இருந்தது ஒரே சைஸ் பட்டை. அவமானமா போச்சு. அடுத்த கேம்புக்கு வேலையப் பிரிச்சுக் குடுத்தேன், நாற்காலி போட்டு உக்கார வெச்சுப் பேச்சுக் குடுக்காம பாத்துக்கறதுக்குன்னே ரெண்டு பேர், மறுபடி பாக்க ஒருத்தர். என் பேரு போஸ்டர்ல கூட இல்ல. அந்தத் தடவை பிபி உண்மையாவே ஏறியிருந்தவங்க 17 பேர், அதுல ஆறு பேர் பிள்ளைங்கள பாக்க ஊர்ல இருந்து வந்தவங்க, கொண்டு வந்த மாத்திரை தீந்து போய் ஒரு மாசமா சாப்பிடாம இருந்தவங்க.

அந்த ஆறு பேருக்காகத்தான் இலவச க்ளினிக் ஒண்ணுல சேந்தேன், தமிழ் தெரிஞ்ச ஆள்னு என்ன மொழிபெயர்க்க உக்கார வெச்சுட்டாங்க. புதுக்கோட்டை பக்கத்துப் பாட்டி ஒருத்தங்க வந்தாங்க. "மயக்கமா வருது கண்ணு"ன்னாங்க. நான் டாக்டர்கிட்ட, பாட்டி மயங்கி விழறாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். உடனே ஈசிஜி, உடனே எமர்ஜென்சிக்குப் போங்கன்னு பேச்சு, பாட்டியோட பையன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு, விசிட்டர் இன்ஷூரன்ஸ் வெச்சுக்கிட்டு எமர்ஜென்சிக்குப் போனா பில் எவ்ளோ வரும்னு அவருக்குத்தான் தெரியும். நர்ஸ் எத்தனை தடவை விழுந்தாங்கன்னு கேக்க, நான் திருப்பிக் கேட்டா பாட்டி "விழுந்தனா? நான் எங்க விழுந்தேன்? எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுன்னுதான சொன்னேன்"ங்கறாங்க. நம்ம ஆளுங்க மயக்கம்னு சொன்னா தலைசுத்தலும் இருக்கலாம், பசியும் இருக்கலாம், நெசமாவே நினைவு தப்பினதும் இருக்கலாம். டாக்டர் படுக்க வெச்சு ஒரு தடவை, நிக்க வெச்சு ஒரு தடவை பிபி பாத்தாரு, நின்னா சர்ருன்னு எறங்குது. பாட்டி இங்க வாங்கின மாத்திரையையும் ஊர்ல இருந்து கொண்டு வந்ததையும் சேத்து சாப்பிட்டிருக்காங்க, ரெண்டும் ஒரே மருந்து, பேரு மட்டும் வேற. அன்னைக்கு வண்டிய எடுக்காம பார்க்கிங்லயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மொழி தெரியும்ங்கறதுக்காக யாரும் உக்காந்து மொழிபெயர்க்கக் கூடாது, அதுக்கு 40 மணி நேர மெடிக்கல் இன்டர்பிரெட்டர் கோர்ஸ் இருக்கு, நான் அப்புறமா கைக்காசு போட்டு முடிச்சேன். நீங்க க்ளினிக்ல சேந்தா மொத நாளே கேளுங்க, எனக்குப் பயிற்சி குடுப்பீங்களான்னு.

சரி, அப்ளிகேஷன் கதைக்கு வர்றேன். எம்கேட்ங்கறது மெடிக்கல் காலேஜுக்கான நுழைவுப் பரீட்சை, மொத்தம் 472ல இருந்து 528 வரைக்கும் ஸ்கோர், நடுவுல 500. சீட் வாங்கறவங்க சராசரி 511, 512 கிட்ட இருக்கும். கோச்சிங் கோர்ஸுக்கு 2,400 டாலர் கட்டி 2021 ஏப்ரல்ல எழுதி 503 வாங்கினேன். ஜூலைல திரும்ப எழுதி 511. நல்ல மார்க்தான், ஆனா ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும். ஆம்காஸ் மே கடைசில இருந்தே வாங்க ஆரம்பிச்சிடுவாங்க, காலேஜ்லாம் வர்ற வரிசைல பாத்து இன்டர்வியூ குடுத்துட்டே போகும். என்னோடது எல்லா இடத்துலயும் முழுசாச் சேந்தது செப்டம்பர் நடுவுல. அதுவும் அந்த வருஷம் பாத்து, கோவிட்டுக்கு அப்புறம் எல்லாருக்கும் டாக்டர் ஆசை வந்து, வரலாறு காணாத 62 ஆயிரம் பேர் அப்ளை பண்ணாங்க, சேந்தது 22 ஆயிரத்துச் சொச்சம். பரிந்துரைக் கடிதம் கேட்டதும் லேட், ஒரு ப்ரொபசர் ரெண்டு மாசம் இழுத்தடிச்சாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, நான் கேட்டதே ஜூன்ல. பிப்ரவரி, மார்ச்ல கேட்டுடுங்க, அதோட உங்க ரெஸ்யூமேவும் குடுங்க.

பணக் கணக்கு இப்படி: எம்கேட் ரெண்டு தடவை 640 கிட்ட, கோச்சிங் 2,400, ஆம்காஸ் 24 காலேஜுக்கு ஆயிரத்து நூறு சொச்சம், அப்புறம் ஒவ்வொரு காலேஜும் தனியா செகண்டரின்னு ஒரு கட்டுரையும் நூறு டாலர் மாதிரி ஃபீஸும் கேக்கும், 19 இடத்துக்குக் கட்டினேன். என்ன எடுக்கவே முடியாத காலேஜ் கூட அந்த நூற வாங்கிக்கிச்சு, ஃபார்ம்ல விசா எச்-4ன்னு நான் தெளிவா எழுதியிருந்தும். ஃபீஸ் குறைக்க ஒரு உதவித் திட்டம் இருக்கு, அதுவும் நம்ம விசாவுக்குக் கிடையாது. பின்னாடி ஒரு நாள் அப்பா லேப்டாப்ல ஒரு எக்ஸல் ஷீட் பாத்தேன், நான் கட்டினது எல்லாம் வரிசையா போட்டு, கடைசி பத்திக்கு 'ரீஃபண்ட் வருமா?'ன்னு தலைப்பு வெச்சிருந்தாரு. கீழ எல்லாம் காலி. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு.

உண்மை தெரிஞ்சது 2022 ஜனவரில, ஒரு காலேஜுக்கு நானே போன் பண்ணிக் கேட்டப்ப. அந்தம்மா ரொம்பத் தன்மையா, "நாங்க சிட்டிசன், கிரீன் கார்டு தவிர எடுக்கறதில்லையே, எம்எஸ்ஏஆர்ல போட்டிருக்கோமே"ன்னாங்க. எம்எஸ்ஏஆர்ங்கறது எல்லா காலேஜ் விவரமும் இருக்கற லிஸ்ட், வருஷத்துக்கு ஏதோ முப்பது டாலர் மாதிரிதான். ஆறாயிரம் செலவு பண்ண நான் அந்த முப்பத மிச்சம் பிடிச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி வாங்கி ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தா 24ல 15 அவுட். எம்.டி. (நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி இங்க குடுக்கற டாக்டர் பட்டம்) குடுக்கற காலேஜ் 150க்கு மேல இருக்கு, அதுல வெளிநாட்டு மாணவர்கள எடுக்கறது மூணுல ஒரு பங்கு தேறலாம். எடுக்கறவங்கள்லயும் சில பேர் நாலு வருஷ ஃபீஸையும் மொத்தமா பேங்க்ல போட்டுக் காட்டச் சொல்லுவாங்க. ஃபெடரல் லோன் நமக்குக் கிடையாது. எட்டு வயசுல வந்தாலும் பதிமூணு வயசுல வந்தாலும், இங்கயே ஸ்கூல் முடிச்சிருந்தாலும், அப்ளிகேஷன்ல நம்ம பேரு 'இன்டர்நேஷனல்'தான்.

இதுக்கு நடுவுல 21 வயசுப் பிரச்சனை வேற. 21 ஆன அன்னைக்கு எச்-4 முடிஞ்சிடும். எனக்கு அது 2021 நவம்பர்ல. ஒரு விஷயத்துல மட்டும் புத்திசாலித்தனமா இருந்தோம், அப்பா ஆபீஸ்ல ஒருத்தர் பையனுக்கு கடைசி நேரத்துல மாட்டிக்கிட்டத பாத்துட்டு, பிப்ரவரிலயே எஃப்-1, அதாவது மாணவர் விசாவுக்கு மாத்த போட்டுட்டோம். வந்தது அக்டோபர்ல, பிறந்த நாளுக்கு அஞ்சு வாரம் இருக்கறப்ப. அந்த எட்டு மாசமும் தபால் பெட்டிய தொறக்கறப்பல்லாம் வயித்த கலக்கும். குறைஞ்சது எட்டு, ஒன்பது மாசம் முன்னாடியே போடுங்க, வக்கீல்கிட்ட ஒரு தடவை காமிச்சுட்டுப் போடுங்க. எஃப்-1 வந்ததுல ஒரு நல்லது, டிகிரி முடிச்ச உடனே ஓபிடில, அதாவது மாணவர் விசால இருக்கறவங்களுக்குத் தர்ற வேலை அனுமதில, வேலை பாக்க முடிஞ்சுது. அதே லேப் என்ன சம்பளத்துக்கு எடுத்துக்கிச்சு, மொத சம்பளம் வந்தப்ப அப்பா எக்ஸல் ஷீட்ல நானே ஒரு வரி சேத்தேன்.

ரெண்டு வருஷம் நின்னேன். கூடப் படிச்சவங்க வெள்ளை கோட் போட்டு போட்டோ போடறப்ப போன கவுத்து வெச்சுடுவேன், இத மறைக்க என்ன இருக்கு. அந்த நேரத்துல ஹாஸ்பிஸ்ல, அதாவது கடைசிக் காலத்துல இருக்கறவங்கள பாத்துக்கற இடத்துல வாலன்டியரா சேந்தேன். பெரிய ஆஸ்பத்திரில வாலன்டியர்னா வீல் சேர் தள்ளுறது, வாசல்ல வழி சொல்றதுதான் கிடைக்கும். ஹாஸ்பிஸ்ல ஆள் தேடிக்கிட்டே இருப்பாங்க, மெடிகேர்ங்கற அரசாங்க முதியோர் இன்ஷூரன்ஸ் விதிப்படி நோயாளிய பாத்துக்கற நேரத்துல அஞ்சு சதவீதம் அளவுக்கு வாலன்டியர் நேரம் இருந்தாகணும். வாரம் ஒரு நாள் ஒரு தாத்தாகிட்ட உக்காந்து பேஸ்பால் பாப்பேன், எனக்கு பேஸ்பால் ஒரு எழவும் புரியாது, அவரு கிரிக்கெட் மாதிரியான்னு கேப்பாரு. எட்டு மாசம். ஒரு வியாழக்கிழமை போனப்ப கட்டில் காலியா விரிச்சு இருந்துச்சு.

ஆம்காஸ்ல 15 செயல்பாடு எழுத இடம் இருக்கும், அதுல மூணத்தான் முக்கியம்னு குறிக்கலாம். மொத தடவை 15ம் ரொப்பினேன், ரெண்டு நாள் மரம் நட்டது வரைக்கும். மணிக்கணக்கு எழுதி வைக்காததால பழைய காலண்டர நோண்டி ஒரு வாரம் போச்சு. ரெண்டாவது தடவை பத்துதான் எழுதினேன். மொத நாள்ல இருந்தே ஒரு நோட்டு போடுங்க, தேதி, எத்தனை மணி நேரம், யாரு பொறுப்பு, அன்னைக்கு நடந்ததுல ஒரு வரி. என் நோட்டுல 'பாட்டி விழல'ன்னு ரெண்டு வார்த்தை இருந்துச்சு, அப்ளிகேஷனோட முக்கியக் கட்டுரையான என் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டே அதுல இருந்துதான் வந்துச்சு. மொத தடவை எழுதினது சின்ன வயசுல இருந்தே எனக்கு டாக்டர் கனவுன்னு ஆரம்பிக்கும், இப்பப் படிச்சா எனக்கே கூசுது.

2023 ஜூன் மொத வாரமே அனுப்பிட்டேன், 11 காலேஜ், எல்லாம் வெளிநாட்டு மாணவர்கள எடுக்கற இடம், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி போன் பண்ணி உறுதி பண்ணிக்கிட்டு. மூணு இன்டர்வியூ. ஒண்ணுல பண்ண தப்பு ஒண்ணு சொல்லுன்னாங்க, பிடியூ கதைய சொன்னேன், மைக்ராஸ்கோப்ப கழட்டினத சொன்னப்ப அந்த டாக்டர் சிரிச்சுட்டாரு. ஒரு இடம் இல்லன்னுடுச்சு, ஒரு இடம் வெயிட்லிஸ்ட், 2024 மார்ச்ல ஒரு இடம் சரின்னு சொல்லிச்சு. அம்மாவுக்கு சொல்லி அழுதுட்டு, அப்பதான் அந்த பி ப்ளஸ் பொய்யையும் சொன்னேன். "தெரியும்டி, போர்ட்டல் பாஸ்வேர்ட நீதான ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்த"ன்னாங்க. பணத்துக்கு ஓஹையோல இருக்கற மாமா சிட்டிசன்ங்கறதால அவரு கையெழுத்துப் போட்டு ப்ரைவேட் லோன், திருச்சில அப்பா வாங்கி வெச்சிருந்த ப்ளாட்ட வித்தாச்சு. அந்த ப்ளாட்ட பத்தி வீட்ல இன்னும் யாரும் பேசறதில்ல.

போன வாரம் தெரிஞ்சவங்க மூலமா ஒரு அம்மா போன் பண்ணாங்க, பொண்ணு பதினொண்ணாவது, நல்லா படிக்கறா, எந்த ரிசர்ச் சேத்தா நல்லது, எந்த க்ளப்ல சேரணும்னு கேட்டுட்டே போனாங்க. நான் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஆன்ட்டி, விசா என்ன?"ன்னேன். எச்-4தான்னாங்க. கிரீன் கார்டு எந்த வருஷம் போட்டதுன்னு கேட்டேன். 2017ன்னாங்க. பொண்ணுக்கு 16 முடிஞ்சிடுச்சாம். "ஆன்ட்டி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்துடுங்க, அங்கிளையும் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு, நானும் அப்பாவோட அந்தப் பழைய எக்ஸல் ஷீட்ட தொறந்தேன்.